வாழுங்காலத்திலேயே சிலையான ஓட்டவீரர் பாவோ நூர்மி

ஒருவர் மறைந்து, அவர்மீதான விருப்பு வெறுப்புகளும் ஓய்ந்த பின்னர் சிலை எழுப்புவதே பெரும்பாலான நாடுகளின் வழக்கம். பின்லாந்து மக்கள் தமது ஓட்டவீரர் பாவோ நூர்மியின் விடயத்தில் அவ்வளவு காலம் பொறுத்திருக்கவில்லை. அவர் முப்பது வயதை எட்டுவதற்கு முன்னரே, 1925 ஆம் ஆண்டில், சிற்பி வைனோ ஆல்டோனன் அவரை வெண்கலத்தில் வார்த்துவிட்டார். ஒரு காலின் முன்பாதம் மாத்திரமே பீடத்தைத் தொட, ஆடையேதுமின்றிக் காற்றைக் கிழித்து ஓடும் கோலத்தில் அமைந்த அச்சிற்பத்தின் மூலப்பிரதி ஹெல்சிங்கியிலுள்ள அத்தேனியம் கலைக்கூடத்தில் இருக்கிறது. அதன் பிரதிகள் ஹெல்சிங்கி ஒலிம்பிக் விளையாட்டரங்கின் முன்றலிலும், அவர் பிறந்த துர்க்கு நகரிலும், சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலுள்ள ஒலிம்பிக் அருங்காட்சியகத்திலும் நிறுவப்பட்டுள்ளன.

இத்தகைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பின்லாந்து ரஷ்யப் பேரரசிடமிருந்து விடுதலை பெற்றது 1917 டிசம்பரிலாகும். மறு ஆண்டே அந்நாடு உள்நாட்டுப் போரில் சிக்கியது. ஒரே மொழியைப் பேசி, ஒரே தேவாலயத்தில் வழிபட்டவர்கள் செவ்வணி என்றும் வெள்ளணி என்றும் பிரிந்து ஒருவரையொருவர் கொன்றொழித்தனர். போர் ஓய்ந்த பின்னரும் தோற்றவர்கள் பலர் சிறை முகாம்களில் பசியாலும் நோயாலும் மடிந்தனர். அந்தக் காயம் ஆறாத நாட்டில் இரு தரப்பினரும் சேர்ந்து கைதட்டக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். வாய் திறந்து அதிகம் பேசாத ஒரு தச்சரின் மகன் அந்த இடத்தை நிரப்பினார்.

நூர்மி 1897 ஜூன் 13 ஆம் திகதி துர்க்கு நகரில் பிறந்தார். 1910 இல் தந்தை காலமானபோது அவருக்கு வயது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று மாத்திரமே. குடும்பத்தின் மூத்த பிள்ளை அவரே. வருமானத்துக்கு வழியின்றி வீட்டின் சமையலறையை வாடகைக்கு விட்டு, எஞ்சிய ஒரேயோர் அறையில் தாயும் பிள்ளைகளும் ஒண்டிக்கொண்டனர். பாடசாலையைக் கைவிட்ட சிறுவன் வெதுப்பகம் ஒன்றில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான். பாரமேற்றிய தள்ளுவண்டியைப் புகையிரத நிலையத்துக்கு அருகிலுள்ள செங்குத்தான ஏற்றங்களில் தள்ளிச் செல்வதே அவனது வேலை. தமது கால்களுக்கும் முதுகுக்கும் உரமேற்றியது அந்த வண்டிதான் என்று நூர்மி பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்ததுண்டு. பயிற்றுநர்களோ பயிற்சிக் கூடங்களோ அவரது இளமைக்குக் கிட்டவில்லை.

1912 இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கில் ஹன்னஸ் கொலெமைனன் என்ற பின்லாந்துக்காரர் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். ஆயினும் வெற்றிக் கம்பத்தில் ஏறியது ரஷ்யக் கொடியே. அச்செய்தி பதினைந்து வயது நூர்மியின் உள்ளத்தைத் தைத்தது. சில நாட்களில் தமது வாழ்வின் முதலாவது ஓட்டக் காலணியை வாங்கினார். 1919 இல் இராணுவ சேவையில் இருந்தபோது துப்பாக்கி, தோட்டாப்பட்டி, மணல்மூட்டை ஆகியவற்றைச் சுமந்து 20 கிலோமீற்றர் தூரம் செல்லும் அணிநடைப் போட்டியொன்று இடம்பெற்றது. முழுத் தூரத்தையும் ஓடியே கடந்த அவர் குறுக்குவழியில் வந்திருப்பாரென அதிகாரிகள் சிலர் சந்தேகித்தனராம்.

அடுத்த ஆண்டு அன்ற்வேர்ப் ஒலிம்பிக்கில் அவர் மூன்று தங்கங்களையும் ஒரு வெள்ளியையும் வென்றார். அந்த வெற்றியின் பயனாகத் துர்க்குவிலிருந்த தாயாரின் வீட்டுக்கு மின்விளக்கும் குழாய்நீரும் வந்து சேர்ந்தன. பதக்கங்களைவிட அந்த விளக்கொளியே தாயாருக்குப் பெரிதாக இருந்திருக்க வேண்டும். 5,000 மீற்றரில் பிரான்சின் ஜோசப் கியெமோவிடம் தோற்றதை மாத்திரம் நூர்மியால் மறக்க இயலவில்லை. எதிராளியின் வேகத்துக்கு இழுபடாமல் தமது வேகத்தைத் தாமே அளந்து ஓடவேண்டுமென்று தீர்மானித்தார். அதன் பின்னர் கையில் நேரக்கணிப்பானுடன் ஓடும் அவரது தோற்றம் உலகறிந்ததாயிற்று.

1924 இல் பாரிஸ் ஒலிம்பிக் வந்தது. ஜூலை 10 ஆம் திகதி 1,500 மீற்றர் இறுதிப் போட்டியை வென்ற அவர், ஒரு மணித்தியாலத்துக்கும் குறைவான இடைவெளியில் மீண்டும் களமிறங்கி 5,000 மீற்றரையும் வென்றார். இரு நாட்களின் பின்னர் நடைபெற்ற நாடுகடந்த ஓட்டமோ ஒரு கொடூரம். வெப்பநிலை 40 பாகை செல்சியசைக் கடந்திருந்தது. புறப்பட்ட 38 பேரில் 15 பேர் மாத்திரமே எல்லையைத் தொட்டனர். சிலர் திசை தெரியாமல் தள்ளாடினர். பலர் தூக்குப்படுக்கைகளில் கொண்டுசெல்லப்பட்டனர். நூர்மி எவ்விதக் களைப்பும் தெரியாதவராக முதலாவதாக வந்தார். மறுநாள் 3,000 மீற்றர் அணிப் போட்டியிலும் ஓடினார். ஒரே ஒலிம்பிக்கில் ஐந்து தங்கங்கள்! 10,000 மீற்றரில் மாத்திரம் பின்லாந்து அதிகாரிகள் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மனம் நொந்த அவர் நாடு திரும்பிய சில வாரங்களில் அத்தூரத்தை 30 நிமிடம் 6.2 செக்கன்களில் ஓடி உலக சாதனை படைத்தார். ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகள் அது முறியடிக்கப்படவில்லை. அதிகாரிகளுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இருந்திருக்க இயலாது.

சிலை வார்க்கப்பட்டது இந்தப் பின்னணியிலேயே. அதே 1925 இல் அவர் அமெரிக்காவில் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தில் 55 போட்டிகளில் 51 ஐ வென்றார். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் மேலும் ஒரு தங்கமும் இரு வெள்ளிகளும் கிடைத்தன. அங்கு 3,000 மீற்றர் தடைதாண்டலின் தகுதிகாண் சுற்றில் அவர் நீர்த்தடையில் தவறி விழ, பிரான்ஸ் வீரர் லூசியன் டுக்கேன் நின்று கைகொடுத்துத் தூக்கிவிட்டார். அதன் பின் அந்தப் பிரான்ஸ்காரருக்கு வழிகாட்டியபடியே ஓடிய நூர்மி, எல்லையில் வெற்றியை அவருக்கே விட்டுக்கொடுக்க முன்வந்தார். டுக்கேன் அதனை ஏற்கவில்லை. கல்லென்று பேர்பெற்ற மனிதரிடம் இப்படியொரு நெகிழ்வும் இருந்தது.

ஆனால் சிலை எழுப்பப்பட்ட வீரரை விளையாட்டு உலகமே சிறுமைப்படுத்தும் நாள் வந்தது. ஜேர்மனியில் ஓடியபோது பயணச் செலவுக்கு மேலதிகமாகப் பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின் பேரில் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் 1932 இல் அவரை இடைநிறுத்தியது. மரதன் ஓட்டத்தோடு தமது வாழ்வை நிறைவுசெய்யும் கனவுடன் லொஸ் ஏஞ்சல்ஸ் வரை சென்றிருந்த அவருக்கு, போட்டிகள் ஆரம்பமாவதற்குச் சில தினங்களுக்கு முன்னர் கதவு சாத்தப்பட்டது. அவருடன் போட்டியிட இருந்த மரதன் வீரர்களில் அநேகமாக அனைவருமே அவருக்காக மனுக் கொடுத்தும் பயனில்லை. சம்மேளனத்தின் தலைவர் சுவீடன் நாட்டவர் என்பதால் பின்லாந்து கொதித்தெழுந்தது. இரு நாடுகளுக்கிடையிலான மெய்வல்லுநர் போட்டிகள் 1939 வரை தடைப்பட்டன. பணமே குறியாக இருந்தார் என்று அவரைக் குறைகூறுவோர் இன்றுமுண்டு. சமையலறையை வாடகைக்கு விட்ட வீட்டின் பிள்ளையிடம் பணத்தின் மீது பற்றில்லாமை எதிர்பார்ப்பது வசதி படைத்தவர்களின் நியாயம் எனலாம்.

ஓய்வின் பின்னர் துணிக்கடை நடத்தியும் அடுக்குமாடிகள் கட்டியும் செல்வந்தரான அவர், 1940 இல் சோவியத் ஒன்றியத்துடனான குளிர்காலப் போரின்போது இளம் ஓட்டவீரர் தைஸ்தோ மாக்கியுடன் அமெரிக்கா சென்று தமது நாட்டுக்காக நிதி திரட்டினார்.

1952 ஜூலை 19 அன்று ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் ஆரம்ப வைபவம். தீபத்தை ஏந்தி அரங்கினுள் நுழைபவர் யாரென்பது இரகசியமாகவே இருந்தது. சற்றே வழுக்கை விழுந்த, 55 வயது மனிதர் பழகிய அதே நடையில் ஓடிவந்தபோது கூட்டம் ஆர்ப்பரித்தது. அணிவகுத்து நின்ற வீரர்கள் ஒழுங்கைக் குலைத்து, அவரைக் காண ஓடுபாதையோரம் திரண்டனர். இருபது ஆண்டுகளுக்கு முன்னர் ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டவர் அவ்விழாவின் தீபத்தை ஏற்றினார். பின்னர், சிறுவயதில் தம்மை ஓடத் தூண்டிய கொலெமைனனின் கையில் அத்தீபத்தைக் கொடுத்தார். அவ்விழாவின் சுவரொட்டியில் இருந்ததும் ஆல்டோனன் வடித்த நூர்மியின் உருவமே. அதே அரங்கில்தான் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவரான 17 வயது நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் இலங்கையின் சார்பில் போட்டியிட்டார் என்பது நமக்கு நினைவிருக்க வேண்டிய செய்தி. 1958 இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் நாட்டின் முதலாவது தங்கத்தை வென்றவர் அவரே.

சிலைக்கு ஒரு வேடிக்கையான வரலாறும் உண்டு. 300 ஆண்டுகளுக்கு மேலாகக் கடலடியில் கிடந்த சுவீடனின் வாசா போர்க்கப்பல் 1961 இல் தூக்கப்பட்டபோது அதற்குள் நூர்மியின் சிறு சிலையொன்று காணப்பட்டது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் முன்கூட்டியே இரகசியமாக அதனை அங்கு சேர்த்திருந்தனர். சுவீடன்காரருடனான பழைய கணக்கு இவ்வாறு சிரிப்பில் தீர்ந்தது.

இறுதிக் காலத்தில் மாரடைப்பும் பார்வைக் குறைவும் அவரை வாட்டின. தமது செல்வத்தைக் கொண்டு 1968 இல் இருதய நோய் ஆராய்ச்சிக்கென நிதியமொன்றை நிறுவினார். தமது ஓட்டத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை; விஞ்ஞானமே உயர்ந்ததெனக் கருதினார். 1973 ஒக்டோபர் 2 ஆம் திகதி அவர் காலமானபோது அரச மரியாதையுடன் இறுதிச் சடங்கு இடம்பெற்றது. தள்ளுவண்டி தள்ளித் திரிந்த துர்க்கு நகரிலேயே அவரது உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது.