மலை ஓடை மீன்களை ஆராய்ந்த சுந்தர் லால் ஹோரா

நம் தண்ணீர்மலை ஓடையில் கால் வைத்தோர் நீரின் வேகத்தை அறிவர். அதனினும் வேகமாகப் பாயும் மலையாறுகளில் பாறையை விட்டு அகலாமல் வாழும் சிறு மீன்கள் உண்டு. வெள்ளம் அவற்றை ஏன் அடித்துச் செல்வதில்லை? இவ்வினாவிற்கு விடை தேடிய பேரறிஞர் சுந்தர் லால் ஹோரா.

இவர் 1896ஆம் ஆண்டில், இன்று பாகிஸ்தானில் உள்ள ஹாபிசாபாத்தில் பிறந்தார். லாகூரில் விலங்கியல் பயின்றார். 1919இல் அங்கு வந்த நெல்சன் அன்னண்டேல் என்னும் அறிஞர் இவருடைய திறமையைக் கண்டு, கல்கத்தாவிலிருந்த இந்திய விலங்கியல் ஆய்வுத்துறைக்கு அழைத்துக்கொண்டார். மறு ஆண்டே ஹோரா மணிப்பூருக்குச் சென்று மீன்களைச் சேகரித்தார்.

மலை ஓடை மீன்களின் உடல் தட்டையாக இருப்பதையும், துடுப்புகள் பக்கவாட்டில் விரிந்து பாறையோடு படிவதையும் அவர் நுணுகி ஆராய்ந்தார். சில கெளுத்தி இனங்களுக்கு மார்பில் தோல் மடிப்புகள் உள்ளன. அவை வழுக்காமல் பற்றிக்கொள்ள உதவுகின்றன. கொங்கு நாட்டுப் பவானி ஆற்றின் பெயரால் ‘பவானியா’ என்னும் மீன் பேரினத்தை 1920இல் அமைத்தவரும் இவரே. நம் பெற்றோர் சிலருக்குப் பழக்கமான ஆறு அது!

ஆய்வு வளர வளர, மற்றொரு புதிர் எழுந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை மீன்கள் சில, மலாயா மீன்களுக்கு நெருங்கிய உறவாக இருந்தன. இடைப்பட்ட சமவெளியிலோ அவ்வினங்கள் இல்லை. கப்பலேறி நம் முன்னோர் கடந்த கடலை நன்னீர் மீன் கடக்க இயலாது. உப்புநீர் அதற்கு மதில். ஆகவே முற்காலத்தில் அஸ்ஸாம் மலைகளிலிருந்து விந்திய, சாத்பூரா மலைகள் வழியாக, ஓடைக்கு ஓடை மாறி, அவை தெற்கே பரவியிருக்க வேண்டும் என்று ஹோரா கருதினார். இதுவே ‘சாத்பூரா கருதுகோள்’ எனப் பெயர் பெற்றது.

சிங்கப்பூர் இராபிள்ஸ் காட்சிசாலையிலிருந்த மலாயா மீன்களைப் பற்றி, 1941இல் அவர் மற்றொருவருடன் இணைந்து கட்டுரை வெளியிட்டார். அவ்வாண்டு இறுதியில் போர் இங்கும் வந்தது. பினாங்கில் குண்டுகள் விழுந்தன. கல்கத்தாவும் அஞ்சியது. ஆய்வுத்துறையின் சேகரிப்புகள் 1942இல் காசிக்குக் கொண்டு செல்லப்பட்டன. குண்டுக்குத் தப்பிய அவை வெள்ளத்திற்குத் தப்பவில்லை. 1943இல் வருணை ஆறு பெருகி, பலர் பல்லாண்டு உழைத்துச் சேர்த்தவற்றுள் பெரும்பகுதி பாழாயிற்று.

ஹோரா தளரவில்லை. பின்னர் அத்துறையின் இயக்குநராகி, 1955இல் மறையும்வரை பணியாற்றினார். பழைய வடமொழி நூல்களில் மீன்களைப் பற்றிய செய்திகளையும் தேடித் தொகுத்தார்.

அவர் வகுத்த சாத்பூரா வழியை இன்று பலர் ஏற்பதில்லை. பல இனங்கள் அவர் எண்ணியதைவிட மிகப் பழங்காலத்திலேயே பிரிந்துவிட்டன என மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் மலாயா மீனையும் மலபார் மீனையும் அருகருகே வைத்து அவர் எழுப்பிய வினாவையே அவர்களும் ஆராய்கின்றனர்.

கேரளத்தின் கோட்டயத்தில், கிணற்று நீரில் கண்ணில்லாத ஒரு சிறு கெளுத்தி வாழ்கிறது. 1950இல் அதனை விவரித்த அறிஞர் அதன் பேரினத்திற்கு ‘ஹோராகிளானிஸ்’ என்று பெயரிட்டார்.