பெயரையே கூச்சமில்லாம பேப்பரா போட்ட செங்கல்பட்டுக்காரர்!

மாமல்லபுரம் போய் ரீல்ஸ் எடுத்திருப்பீங்க. செங்கல்பட்டு தாண்டி மதுராந்தகம் ஏரியையும் பஸ் ஜன்னல்ல பார்த்திருப்பீங்க. அந்த மதுராந்தகம் பக்கத்துல கோழியாளம்னு ஒரு கிராமம். 160 வருஷத்துக்கு முன்னாடி அங்க பிறந்தவர்தான் இரட்டைமலை சீனிவாசன்.

படிச்சது கோயம்புத்தூர்ல. கல்லூரியில 400 மாணவர்கள். அதுல பத்துப் பேரைத் தவிர எல்லாரும் பிராமணர்கள். தன் சாதி தெரிஞ்சிடுமோன்னு பயந்து, மணி அடிக்கிற வரைக்கும் வெளியிலேயே நிப்பாராம். யார்கூடவும் நெருங்கிப் பழக மாட்டார். வீட்டு அடையாளம்கூட தெரியக் கூடாதுன்னு பார்த்துப்பார். நம்ம வயசுப் பையன் ஒருத்தன் தினமும் அப்படி இருந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க.

அதே ஆள் 1893-ல சென்னையில ஒரு பத்திரிகை தொடங்குறார். நாலு பக்கம், ரெண்டு அணா. பேரு என்ன தெரியுமா? ‘பறையன்’. எந்தச் சொல்லுக்குப் பயந்து ஒளிஞ்சாரோ, அதையே தலைப்பா அச்சடிச்சார்! அதே வருஷம், ஐ.சி.எஸ் தேர்வை இந்தியாவுலயும் நடத்தணும்னு காங்கிரஸ் கேட்டப்போ, இவர் எதிர்த்தார். உயர்சாதிக்காரங்க மட்டும்தான் அதிகாரிகளா வருவாங்கங்கிறது அவர் கவலை. 3,412 பேர் கையெழுத்தோட 112 அடி நீள மனு லண்டனுக்குப் போச்சு.

1900-ல வெளிநாடு கிளம்பினவர், தென்னாப்பிரிக்காவுல வேலை பார்த்துட்டு 1921-லதான் திரும்பினார். 1923-ல சென்னை சட்டசபை உறுப்பினர். அடுத்த வருஷமே அவர் கொண்டுவந்த தீர்மானம்தான், எந்தச் சாதிக்காரரும் பொதுச்சாலையில நடக்கலாம், பொதுக்கிணத்துல தண்ணி எடுக்கலாம்னு அரசாணை ஆச்சு. நாம சாதாரணமா நடக்கிற ரோட்டுக்கு அரசாணை தேவைப்பட்ட காலம் அது.

1930-ல வட்டமேஜை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்டோர் சார்பா போனவங்க ரெண்டே பேர்: அம்பேத்கரும் இவரும். தீண்டாமைன்னா என்னன்னு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கேட்டாராம். தெருவுல விழுந்து கிடந்தாக்கூட கைகொடுத்துத் தூக்கமாட்டாங்கன்னு இவர் விளக்கினதை, தன் சரிதத்துல எழுதியிருக்கார். 1932 பூனா ஒப்பந்தத்துலயும் கையெழுத்துப் போட்டார்.

ஆனா அம்பேத்கர் சொன்ன எல்லாத்துக்கும் தலையாட்டலை. 1935-ல மதம் மாறணும்னு அவர் அறிவிச்சப்போ, நாம முதல்லயே இந்து வர்ணத்துக்கு வெளியில இருக்கிறவங்கதானே, அப்புறம் எங்கிருந்து வெளியேறுறதுன்னு கேட்டார். எனக்கு ரொம்பப் பிடிச்ச கேள்வி இது.

1945 செப்டம்பர் 18-ல காலமானார். கிண்டி காந்தி மண்டப வளாகத்துல அவருக்கு மணிமண்டபம் இருக்கு. அடுத்த தடவை அந்தப் பக்கம் போனா உள்ளே ஒரு எட்டு பார்த்துட்டு வாங்க.