தேக்குக் காடு வளர்த்த செம்மல்

திருவரங்கத்தைச் சூழ்ந்த வாழைத் தோட்டங்களில், குலை முதிர்ந்தபின் உழவர் தாய்மரத்தை வெட்டி வீழ்த்துவர். வீழ்த்தினும் தோட்டம் வெறுந்தரையாவதில்லை. அடியில் முளைத்த பக்கக்கன்று தாயின் இடத்தை நிரப்புகிறது. கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள கரும்பு வயல்களிலும் இதே காட்சியைக் காணலாம். அறுத்த கட்டையினின்று மறுதாம்பு தழைத்து, மற்றுமொரு விளைவைத் தருகிறது. வெட்டும் முறை அறிந்து வெட்டினால் பயிர் மீண்டும் வளரும் என்பதைக் காவிரிக்கரை உழவர் நெடுங்காலமாக அறிவர். வானளாவிய தேக்கினையும் இம்முறையால் தழைக்கச் செய்யலாம் எனத் தெளிந்து, அழிவின் விளிம்பில் நின்ற காடொன்றைக் காத்தவர் ஹூகோ வுட் என்னும் ஆங்கிலேய அதிகாரி.

ஹூகோ பிரான்சிஸ் ஆண்ட்ரூ வுட் 1870ஆம் ஆண்டில் பிறந்தார். இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னும் இடத்தில் அமைந்திருந்த கல்லூரியில் பயின்று, இந்திய வனத்துறைப் பணியில் சேர்ந்தார். அவர் பெயரை நிலைநிறுத்திய இடம், பொள்ளாச்சிக்குத் தெற்கே உயர்ந்து நிற்கும் ஆனைமலையாகும்.

ஆனைமலைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் தொலைவு மிகுதியெனினும் தொடர்பு இல்லாமல் இல்லை. அம்மலைத்தொடரின் கீழ்ப்பக்கத்தில் பெய்யும் மழை அமராவதியாகப் பெருகிக் கரூர்க்கு அருகே காவிரியிற் கலந்து, முக்கொம்பைக் கடந்து, திருவரங்கத்தின் இருமருங்கும் ஓடுகிறது. மலையில் மரம் நின்றால்தான் மழைநீர் மண்ணில் ஊறி மெல்ல மெல்ல ஆற்றுக்கு இறங்கும். ஆயினும் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய நூற்றாண்டில் ஆண்டோர் கண்ணுக்குக் காடு நீர்ச்சுரங்கமாகத் தோன்றவில்லை, மரக்கிடங்காகவே தோன்றிற்று.

தேக்கு நீரால் எளிதில் கெடாது. கறையானும் அதனை விரைந்து தின்னாது. ஆதலின் பம்பாய்க் கப்பல் தளத்துக்கு ஆனைமலைத் தேக்கு ஏராளமாகச் சென்றது. பின்னர் இருப்புப்பாதைகள் தோன்றின. 1862ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்து வந்த பாதை திருச்சிராப்பள்ளியை அடைந்தது. இத்தகைய பாதைகள் நாடெங்கும் நீள நீள, தண்டவாளத்தைத் தாங்கும் ‘சிலீப்பர்’ கட்டைகளுக்கும், வண்டிப் பெட்டிகளுக்கும் மரத்தின் தேவை பெருகிற்று. ஆனைமலையில் வெட்டிய மரங்களை யானைகள் மலைமுகட்டுக்கு இழுத்து வந்தன. அங்கிருந்து அவை சரிவில் உருட்டி விடப்பட்டன. மரங்கள் சறுக்கி இறங்கிய அம்முகடே ‘டாப்சிலிப்’ என்னும் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது. பெயர் நிலைத்தது, மரங்கள் நிலைக்கவில்லை. 1856ஆம் ஆண்டில் கிளெகார்ன் என்பார் சென்னை மாகாணக் காடுகளின் தலைமைக் காவலராக அமர்ந்து கட்டுப்பாடு விதித்தார். எனினும் தேவையின் வேகத்துக்குக் கட்டுப்பாடு ஈடுகொடுக்கவில்லை.

முதல் உலகப்போர் நடந்த ஆண்டுகளில் வுட் ஆனைமலைக்கு வந்தார். தேக்கு நின்ற சரிவுகள் மொட்டையாகக் கிடத்தலைக் கண்டார். மரம் தருதலே அவருக்கு இடப்பட்ட பணி. வெட்டாதிருத்தல் அவர் கையில் இல்லை. ஆகவே, வெட்டியும் காடு அழியாத வழியை அவர் நாடினார். அடியைப் பாழாக்காமல் வெட்டி, கட்டையினின்று மறுதாம்பு எழச்செய்வதும், வெட்டிய பகுதி தேறும்வரை அதனைத் தொடாது விடுவதும் அவர் வகுத்த திட்டத்தின் உயிர்நாடியாகும்.

மரம் வெட்டுவதில் என்ன கல்வி உண்டு எனச் சிலர் எண்ணக்கூடும். நின்றபடியே இடுப்புயரத்தில் வெட்டுதல் எளிது. ஆனால் உயர்ந்த கட்டையின் தலையில் எழும் தளிர் பிடிப்பின்றிக் காற்றில் ஒடியும். வெட்டுவாயில் தொடங்கும் உளுப்பு அதனையும் பற்றும். தரையை ஒட்டி எழும் தளிரோ நன்கு வேரூன்றி நிலைபெறும். எனவே குனிந்து அடியில் வெட்டுதல் வேண்டும். மழைநீர் தேங்காவண்ணம் கட்டையின் முகம் சரிந்திருத்தல் வேண்டும். பட்டை உரிந்து பிளவுறலாகாது. பட்டையின் அடியில் உறங்கும் மொட்டுகளினின்றன்றோ தளிர் புறப்படுகிறது! மழை வந்ததும் ஒரு கட்டையில் தளிர் பல தோன்றும். வலியனவாகிய ஒன்றிரண்டை நிறுத்தி ஏனையவற்றைக் கழித்துவிடுவர்.

இத்தொழிலில் கோடரியும் ரம்பமும் தத்தம் குணத்தைக் காட்டும். கூரிய கோடரி வழவழப்பான சரிவை விட்டுச்செல்லும். ஆனால் பெருமரத்தில் ஆழ்ந்த வாய் வெட்ட வேண்டியிருத்தலின், விலை மிகுந்த அடிமரம் சிராய்களாகச் சிதறிப்போகும். இருவர் எதிரெதிரே இருந்து இழுக்கும் ரம்பம் மெல்லிய பிளவே செய்யும்; மரம் வீணாகாது. எனினும் அது விட்டுச்செல்லும் முகம் சொரசொரப்பானது. ஈரத்தை ஏற்று உளுத்துப்போகும். ஆதலின் மரம் சாயவேண்டிய பக்கத்தில் கோடரியால் வாய் திறந்து, மறுபக்கத்தில் ரம்பத்தால் அறுத்து, வீழ்த்தியபின் கட்டையின் முகத்தைச் செதுக்கிச் சீர்செய்தலே தொழிலறிந்தோர் கொண்ட முறை.

வுட் ஆனைமலையில் உழைத்த அதே காலத்தில் ஜெர்மனியில் மற்றொரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. ஆந்திரேயாஸ் ஸ்டீல் என்பார் 1926ஆம் ஆண்டில் மின்விசையால் இயங்கும் சங்கிலி ரம்பத்தையும், 1929ஆம் ஆண்டில் பெட்ரோலால் இயங்குவதையும் அமைத்தார். பின்னதன் எடை 46 கிலோ. தூக்குவதற்கே இருவர் வேண்டும். பெருமரம் வீழ்த்தும் இக்காலச் சங்கிலி ரம்பங்கள் 7 முதல் 10 கிலோ எடையே உடையவை, ஒருவரே கையாளலாம். இருவர் அரைநாள் இழுத்து அறுத்த மரத்தை அவை சில நிமிடங்களில் வீழ்த்துகின்றன. வாங்குவோர் எடை, விசை, அறுக்கும் அலகின் நீளம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பர். கருவி எத்தகையதாயினும், தேக்குக்கட்டை மீண்டும் தழைப்பதற்கு முன்கூறிய விதிகளே இன்றும் பொருந்தும். வெட்டும் நேரம் குறைந்ததேயன்றி, மரம் வளரும் காலம் ஒருநாளும் குறையவில்லை.

கட்டையே இல்லாத இடத்தில் மறுதாம்பு ஏது? அத்தகைய இடங்களில் விதையூன்ற வேண்டியிருந்தது. வுட் நடந்து செல்லும்போது சட்டைப்பைகளில் தேக்கு விதைகளை நிரப்பிக்கொள்வார் என்றும், கைத்தடியால் மண்ணில் குழி செய்து, குழிதோறும் விதையிட்டுச் செல்வார் என்றும் அப்பகுதியில் வழிவழியாகக் கூறுவர். தேக்கின் விதையோ கல்போன்ற ஓட்டினுள் அடங்கியது. நனைத்தும் உலர்த்தியும் பதப்படுத்தினாலன்றி எளிதில் முளைக்காது. இட்டவையெல்லாம் முளைத்திரா. ஆயினும் முளைத்த கன்றுகள் மரமாவதைத் தம் வாழ்நாளில் காண இயலாது என அறிந்திருந்த ஒருவர் இதனைச் செய்தார் என்பதே எண்ணத்தக்கது.

அவர் பணியிலும் குறை காண்போர் உளர். தேக்கு மட்டும் மிகுந்த காடு, பலவகை மரமும் கொடியும் விரவிய பழங்காட்டுக்கு ஈடாகாது. சோலைமந்தி போன்ற உயிர்கள் அதில் உணவு பெறா. இக்கூற்று உண்மையே. மீண்டும் மீண்டும் வெட்டப்பட்ட கட்டை வலி குன்றும் என்பதும் உண்மையே. ஆனால் அவர் கைக்கு வந்தது பழங்காடன்று. மொட்டைச் சரிவு என்பதை நடுநின்று நோக்குவோர் மறவார்.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் அங்கே பணியாற்றியபின் வுட் ஓய்வு பெற்றுக் குன்னூரில் வாழ்ந்தார். 1933ஆம் ஆண்டு டிசம்பரில் காலமானார். தாம் வளர்த்த தேக்குகளின் நடுவே தம்மை அடக்கம் செய்தல் வேண்டும் என்பது அவர் விருப்பமாக இருந்தது, அவ்வாறே செய்தனர். 1976ஆம் ஆண்டில் அக்காடுகள் வனவிலங்குப் புகலிடமாயின. பின்னர்ப் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பெற்றன. முன்பு மரம் இழுத்த யானைகளின் வழிவந்த தொழிலில் இன்றும் மலசர் குடியினர் பலர் கோழிகமுத்தி முகாமில் பாகராக உள்ளனர். டாப்சிலிப்பில் உள்ள வுட்டின் கல்லறை மிக எளியது. இலண்டன் தூய பவுல் ஆலயத்தைக் கட்டிய ரென் என்பாரின் கல்லறையில் காணும் இலத்தீன் தொடரே அதன்மேலும் பொறிக்கப்பட்டுள்ளது. வந்தவர் கண்ணைக் கல்லினின்று எடுத்துச் சுற்றிலும் செலுத்துமாறு அது வேண்டுகிறது. சுற்றிலும் தேக்குகள் நிற்கின்றன.