ஒற்றைக் கையால் சாதித்தவர்

சர்க்கரைப் பாகில் கற்கண்டு விளைவதை நாம் அறிவோம். அழுக்கு பாகிலேயே தங்கிவிட, தூய கற்கண்டு தனியே பிரிகிறது. உயிர்களின் உடலில் வேலை செய்யும் நொதியையும் இவ்வாறு படிகமாக்கலாம் என்று முதன்முதலில் காட்டியவர் ஜேம்ஸ் சம்னர் என்னும் அறிஞர். அவரது வாழ்க்கையை இங்கே காண்போம்.

சம்னர் 1887ஆம் ஆண்டு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கான்ட்டன் என்னும் ஊரில் பிறந்தார். பதினேழாம் வயதில் வேட்டைக்குச் சென்றபோது, உடன் வந்தவரின் துப்பாக்கிக் குண்டு பட்டு இடக்கையை இழந்தார். அவரோ இடக்கைப் பழக்கம் உடையவர்! ஆயினும் மனம் தளராமல் வலக்கையைப் பழக்கினார், டென்னிஸும் ஆடினார்.

ஹார்வர்டில் மேற்படிப்புக்குச் சென்றபோது, ஒற்றைக் கையர் வேதியியலில் முன்னேற முடியாது, சட்டம் படிப்பதே நல்லது எனப் பேராசிரியர் ஓட்டோ ஃபோலின் அறிவுரை கூறினார். ஆனால் சம்னர் வேதியியலையே கற்று 1914இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

பின்னர் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். ஜாக் பீன் என்னும் அவரையில் யூரியேஸ் என்ற நொதி மிகுதியாக உண்டு. அது யூரியாவை அம்மோனியாவாகவும் கரியமில வாயுவாகவும் பிரிக்கும். அதைத் தூய்மையாகப் பிரித்தெடுக்க 1917இல் முனைந்தார். ஆய்வுக்கூடத்தில் ஐஸ் பெட்டிகூட இல்லை. சாராயம் கலந்த கரைசலைச் சன்னல் விளிம்பில் வைத்து, குளிர் வராதா என்று ஏங்கிக் காத்திருந்தார்.

ஒன்பது ஆண்டுகள் உருண்டோடின. 1926இல் சாராயத்துக்குப் பதிலாக அசிட்டோனைச் சேர்த்து, அவரை மாவின் சாற்றை வடிகட்டி, இரவு முழுவதும் குளிரில் வைத்தார். மறுநாள் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தபோது சின்னஞ்சிறு படிகங்கள் தெரிந்தன! அவை புரதமே என்றும், யூரியேஸே என்றும் சோதித்து அறிந்தார்.

ஆனால் உலகம் உடனே நம்பவில்லை. நொதி புரதமன்று என்று கருதிய, நோபல் பரிசு பெற்ற ஜெர்மானிய அறிஞர் வில்ஸ்டாட்டர் போன்றோர் மறுத்தனர். 1930இல் நார்த்ராப் என்பவர் பெப்சின் நொதியைப் படிகமாக்கிய பிறகே ஐயம் விலகத் தொடங்கியது. 1946இல் சம்னருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதியை நார்த்ராப்பும் ஸ்டான்லியும் பகிர்ந்துகொண்டனர். 1955இல் அவர் மறைந்தார்.

இன்று மருந்துத் தொழிற்சாலைகளில் பெரும் கலங்களில் துத்தநாகம் சேர்த்து இன்சுலின் என்னும் புரதத்தைப் படிகமாக்குகின்றனர். படிகமானால் தூய்மை கூடும். வடிகட்டுவதும் உலர்த்துவதும் சேமிப்பதும் எளிதாகும். எத்தனையோ நீரிழிவு நோயாளிகள் இதனால் பயன் பெறுகின்றனர்.

அன்புத் தோழியரே! முடியாது என்று பிறர் சொல்லும்போது நாம் சோர்ந்துவிடலாமா? இறைவன் நமக்கு இரு கைகள் தந்திருக்கிறார். சம்னரின் பொறுமையையும் விடாமுயற்சியையும் நாமும் பெற முயல்வோமாக!