ஒரே அளவுகோல் கேட்டவர்

இந்தியர் மறுமையையே எண்ணி வாழ்பவர்கள். இவ்வுலக வாழ்வை ஒழுங்குபடுத்தும் அறிவு மேலைநாட்டினருக்கே உரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய அறிஞர் பலரின் கருத்து இதுவே. புதிதாக வளர்ந்துவந்த சமூகவியலிலும் இது வேரூன்றியது. நம்மவரிலும் பலர் இதைப் பாராட்டாகவே கொண்டு மகிழ்ந்தனர். அந்தப் பாராட்டுக்குள் மறைந்திருந்த இழிவைக் கண்டுகொண்டவர் பினய் குமார் சர்க்கார்.

1887-இல் வங்காளத்தின் மால்டாவில் பிறந்த அவர், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பயின்றார். சுதேசி இயக்கம் எழுந்தபோது அரசுப் பதவியை நாடாமல் தேசியக் கல்விப் பணியில் இறங்கினார்.

1914-இல் அவரது சுக்ரநீதி ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அமைச்சர், கருவூலம், வரி, கோட்டை, படை ஆகியவற்றை விரிவாகக் கூறும் நூல் அது. அதையொட்டி, ஹிந்து சமூகவியலின் உலகியல் அடித்தளத்தை விளக்கும் பெருநூலையும் எழுதத் தொடங்கினார். தர்மம், மோட்சம் ஆகியவற்றோடு அர்த்தத்தையும் காமத்தையும் புருஷார்த்தங்களாக ஏற்ற மரபு, உலகை மறந்த மரபாக எவ்வாறு இருக்க முடியும் என்பதே அவர் எழுப்பிய வினா. சுக்ரநீதி மிகவும் பிற்பட்டது எனப் பின்னாளில் சில ஆய்வாளர்கள் கருதினர். ஆனால் அவரது வினா அந்த ஒரு நூலை மட்டும் சார்ந்ததன்று. மால்டாவின் எளிய மக்கள் கொண்டாடும் கம்பீரா திருவிழாவையும் சான்றாகக் கொண்டு 1917-இல் தனி நூல் வெளியிட்டார்.

1914 முதல் 1925 வரை ஜப்பான், சீனா, அமெரிக்கா, ஐரோப்பா எனப் பல நாடுகளில் பயணம் செய்தார். 1922-இல் ஜெர்மனியில் வெளியான நூலில், மேலை அறிஞர்களின் ஒப்பீட்டு முறையிலுள்ள குறையை எடுத்துக்காட்டினார். ஆசியாவின் மூடநம்பிக்கையை ஐரோப்பாவின் பகுத்தறிவோடும், ஆசியாவின் பழமையை ஐரோப்பாவின் புதுமையோடும் ஒப்பிடுவது நீதியன்று. ஒரு காலத்தை அதே காலத்தோடும், பாமரரைப் பாமரரோடும் ஒப்பிட்டால் மனித இயல்பு எங்கும் ஒன்றே என்பது விளங்கும் என்று வாதிட்டார்.

நாடு திரும்பியபின் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தார். 1930-களில் ஹிட்லரின் ஆட்சியைப் புகழ்ந்தது அவரது பெரும்பிழை. நாட்டின் வலிமையைக் கண்ட கண், அங்கு மனிதர் பட்ட துன்பத்தைக் காணவில்லை. 1949-இல் அமெரிக்காவில் சொற்பொழிவுப் பயணத்தின்போது வாஷிங்டனில் மறைந்தார்.

கீழ்நாடே உயர்ந்தது என்று நிறுவுவது அவர் நோக்கமன்று. பிறர் நம்மைத் தாழ்த்தும் சொல்லை மட்டுமின்றி, நம்மைத் தனித்து உயர்த்தும் சொல்லையும் ஆராய்ந்தே ஏற்க வேண்டும் என்பதே அவர் வாழ்வு தரும் பாடம்.