அளவறிந்த அறிஞர் கே.எஸ். கிருஷ்ணன்

போடிநாயக்கனூரை அடுத்து எழும் ஏலமலைச் சரிவுகள் தெற்கே வருசநாட்டு மலைகளாகத் தொடர்கின்றன. அம்மலைகளின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள வத்திராயிருப்பில், 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் பிறந்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் பயின்ற அவர், 1923இல் கல்கத்தாவில் சர் சி.வி. இராமனின் ஆய்வுக்குழுவில் இணைந்தார்.

1928ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தூய்மைப்படுத்திய நீர்மங்களில் ஒளியைச் செலுத்தி, சிதறிவரும் ஒளியை அவர் நாள்தோறும் உற்றுநோக்கினார். அதன் மிகச் சிறு பகுதி நிறம் மாறியிருந்தது. மூலக்கூறு தன் அதிர்வுக்காக ஒளியின் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டதே அதற்குக் காரணம்.

அந்தப் பங்கு எவ்வளவு? பென்சீனில் பாதரச விளக்கின் 435.8 நானோமீட்டர் நீல ஒளி விழுந்தால், சிதறிய ஒளியில் ஏறத்தாழ 455.5 நானோமீட்டரிலும் ஒரு கோடு தோன்றும். ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கையாகிய அலைஎண்ணில் இவ்வேறுபாடு 992 ஆகும். ஓர் எலக்ட்ரான் வோல்ட் ஏறத்தாழ 8066 அலைஎண்ணுக்கு இணை. எனவே 992ஐ 8066ஆல் வகுக்க, 0.123 எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கிறது. ஓர் எலக்ட்ரான் வோல்ட் 1.602 × 10⁻¹⁹ ஜூல் ஆதலால், அதே ஆற்றல் ஜூலில் 1.97 × 10⁻²⁰ ஆகிறது. எண்கள் மூன்று, ஆற்றல் ஒன்றே. நிறமாலையை ஆய்பவர் முதலாவதையும், அணுவியலார் இரண்டாவதையும், வெப்பத்தைக் கணிப்பவர் மூன்றாவதையும் கையாள்வர்.

புதிய ஒளிச்சிதறலை உலகிற்கு அறிவித்த கட்டுரையில் இராமன், கிருஷ்ணன் ஆகிய இருவர் பெயரும் இருந்தன. விளைவு இராமன் பெயரைப் பெற்றது. 1930இல் நோபல் பரிசும் இராமனுக்கே வழங்கப்பட்டது. கிருஷ்ணன் ஆய்வைத் தளரவிடவில்லை. படிகங்களின் காந்தப் பண்புகளை நுட்பமாக அளந்தார். 1940இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது.

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டு, தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக அவர் பொறுப்பேற்றார். நாட்டின் அளவைகளுக்கு அடிப்படையான தரங்களைப் பேணுவது அவ்வாய்வகத்தின் கடமை. படியும் மரக்காலும், சேரும் மணங்கும், பவுண்டும் அவுன்சும் ஊருக்கு ஊர் வழங்கிய நாட்டில், 1956இல் மெட்ரிக் அளவைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று போடிச் சந்தையில் ஏலக்காயை எடையிடும் கிலோகிராமுக்கும் அவ்வாய்வகம் காக்கும் தரமே மூலம். ஒளியின் நுண்ணிய மாற்றத்தை அளக்கத் துணைநின்றவர், நாட்டு மக்கள் நம்பி வாங்கவும் விற்கவும் உதவும் அளவைகளுக்கும் காவலரானார்.

தமிழிலும் வடமொழியிலும் ஆழ்ந்த புலமை கொண்ட கிருஷ்ணன், அறிவியலைத் தாய்மொழியில் சொல்ல இயலும் என்பதைத் தம் எழுத்தால் மெய்ப்பித்தார். அலகு மாறினும் ஆற்றல் குறைவதில்லை. மொழி மாறினும் உண்மை குறைவதில்லை. 1961ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் அவர் மறைந்தார்.