சாட்டை பின்னிய தலைவர்

கொறடா என்றால் சாட்டை. நரி வேட்டையில் கூட்டத்தை விட்டு விலகும் நாய்களைச் சாட்டையால் திரட்டும் ஆளின் பெயரையே, வாக்களிப்புக்கு உறுப்பினர்களைத் திரட்டுபவருக்கும் வைத்தனர் ஆங்கிலேயர். நம் சட்டமன்றச் செய்திகளில் அச்சொல் அடிக்கடி அடிபடுகிறது. அந்தச் சாட்டைக்கு வலிமை சேர்த்த ஒருவரின் வரலாற்றைச் சொல்ல விழைகிறேன். அவர் அயர்லாந்தின் சார்லஸ் ஸ்டூவர்ட் பார்னெல்.

1846 ஜூன் 27இல் விக்லோ மாவட்டத்து அவண்டேல் மாளிகையில் பிறந்தார். உழவர்களுக்காகப் போராடிய அவர் நிலக்கிழாரின் மகன்; கத்தோலிக்கர் நிறைந்த நாட்டுக்குத் தலைமை தாங்கிய அவர் புராட்டஸ்டண்டு. கேம்பிரிட்ஜில் சேர்ந்து, பட்டம் பெறாமலேயே 1869இல் வெளியேறினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறிய எனக்கு இதைப் படித்தபோது சற்றுக் கோபமே வந்தது!

1875இல் மீத் தொகுதியிலிருந்து லண்டன் பாராளுமன்றம் சென்றார். தொடக்கத்தில் மேடைப்பேச்சு வரவில்லை. ஆனால் ஜோசப் பிக்கர் என்ற உறுப்பினருடன் சேர்ந்து, மணிக்கணக்கில் பேசி அவையை முடக்கும் வித்தையைக் கற்றார். 1881இல் ஐரிஷ் உறுப்பினர்கள் தொடர்ந்து 41 மணி நேரம் அவையை நடத்த வைத்தனர். கடைசியில் சபாநாயகரே தம் பொறுப்பில் விவாதத்தை முடித்தார். அதே ஆண்டு நிலப் போராட்டத்துக்காகப் பார்னெல் கில்மைனம் சிறைக்கும் போனார்.

அவருடைய பெருஞ்செயல் அதன் பின்னரே வந்தது. 1884இல் வேட்பாளர்களுக்கு ஓர் உறுதிமொழி ஏற்பட்டது. கட்சியோடு அமர வேண்டும், கட்சியோடு வாக்களிக்க வேண்டும்; மீறினார் என்று கட்சியின் பெரும்பான்மை தீர்மானித்தால் பதவி விலக வேண்டும். நம் நாட்டில் 1985இல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்தை நினைவூட்டுகிறது அல்லவா? அக்காலத்தில் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஏழை உறுப்பினர்களுக்குக் கட்சி நிதியே படியளந்தது. எளிய குடும்பத்தார் பாராளுமன்றம் போக அது வழி செய்தது. அதே பணம் அவர்களைக் கட்சியோடு கட்டியும் போட்டது.

1885 தேர்தலில் அக்கட்சி 86 இடங்களை வென்றது. அந்தப் பலத்தைக் கண்ட பிரதமர் கிளாட்ஸ்டன், 1886இல் அயர்லாந்துத் தன்னாட்சி மசோதாவைக் கொண்டுவந்தார். அவருடைய கட்சியிலேயே 93 பேர் எதிர்த்து வாக்களித்தனர். மசோதா 30 வாக்குகளில் தோற்றது. லிபரல் கொறடாக்களால் தம் ஆட்களை நிறுத்த முடியவில்லை. ஐரிஷ் அணியோ அசையவில்லை, ஒருவரைத் தவிர. அவர் கேப்டன் ஓஷே.

இங்கேதான் பார்னெலின் குறை தெரிகிறது. ஓஷே அந்த உறுதிமொழியை ஏற்காதவர். அவருடைய மனைவி கேதரீனுடன் பார்னெலுக்கு நெடுநாள் உறவு. 1886இல் கால்வே தொகுதியை அவருக்கே கொடுக்க வேண்டும் என்று பார்னெல் பிடிவாதம் பிடித்தார். பிக்கரும் ஹீலியும் எதிர்த்தும் பயனில்லை. சில மாதங்களில் ஓஷே மசோதாவுக்கு வாக்களிக்காமல் வெளியேறினார். தலைவர் தமக்கு ஒரு விதி, தொண்டருக்கு ஒரு விதி என்று வைத்தது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை.

1890 நவம்பரில் ஓஷேயின் விவாகரத்து வழக்கு தீர்ப்பானது. பார்னெல் தலைவராக நீடித்தால் தம்மால் உதவ முடியாது என்பதைக் கிளாட்ஸ்டன் உணர்த்தினார். டிசம்பர் முதல் வாரம், பாராளுமன்றக் கட்டடத்தின் 15ஆம் எண் குழு அறையில் கட்சி கூடியது. தலைமை வகித்தவர் பார்னெல்தான். தம்மை நீக்கும் தீர்மானம் நேராக வாக்குக்கு வர அவர் இடந்தரவில்லை. பெரும்பான்மைக்குப் பணிய வேண்டும் என்று எல்லாரிடமும் எழுதி வாங்கிய கட்சியின் தலைவர், தம் வழக்கில் அதே பெரும்பான்மைக்கு அஞ்சினார். ஆறாம் நாள் ஜஸ்டின் மக்கார்த்தி உட்பட 45 பேர் எழுந்து வெளியேறினர். எஞ்சியவர்கள் முப்பதுக்கும் குறைவு.

பின் வந்த இடைத்தேர்தல்களில் அவருடைய ஆட்கள் மூன்று முறை தோற்றனர். உடல்நலம் கெட்டும் ஊர் ஊராகப் பேசிக்கொண்டிருந்தார். கேதரீனை மணந்த சில மாதங்களில், 1891 அக்டோபர் 6இல் காலமானார். வயது 45. டப்ளினில் கிளாஸ்நெவின் மயானத்தில் அடக்கம் செய்தனர். பிரிந்த இரு அணிகளும் 1900இல்தான் ஒன்றுசேர்ந்தன. அப்போது தலைவரானவர், அன்று அந்த அறையை விட்டு எழாதவர்களில் ஒருவரான ஜான் ரெட்மண்ட்.